சேப்பாக்கம் கணக்கில் சேராத இரண்டு சாதனைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேப்பாக்கம் மைதானச் சாதனைகள் என்று தாங்கள் வெளியிட்ட பட்டியலிலிருந்து இரண்டை எடுத்துவிட வேண்டும். பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் (ரன்னே கொடுக்காத ஓவர்) வீசியதும், வினு மன்கட் - பங்கஜ் ராய் ஜோடி முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்ததும் அங்கே நடந்தவை அல்ல. இரண்டுமே பெரியமேடு கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தவை. இப்போது கால்பந்து நடக்கிறதே, நேரு ஸ்டேடியம், அந்த இடம்தான்.

பழைய ஸ்கோர் கார்டுகளில் 'மெட்ராஸ்' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆண்டைப் பார்த்தால் போதும். 1956 ஜனவரி முதல் 1965 பிப்ரவரி வரை சென்னையில் நடந்த ஒன்பது டெஸ்ட்களும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான். 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் ஆடியபோதுதான் டெஸ்ட் மறுபடியும் சேப்பாக்கத்துக்கு வந்தது.

மன்கட் விஷயத்தில் தடுமாறுவது சகஜம். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து, இரண்டாவதில் மேலும் நாலு பேரை வீழ்த்தி, இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தது சேப்பாக்கத்தில். நாலு வருஷம் கழித்து நியூசிலாந்துக்கு எதிராக அவர் 231 அடித்தது பெரியமேட்டில். ராய் எடுத்தது 173. அந்த 413-ஐத் தாண்ட 2008 வரை எந்தத் தொடக்க ஜோடியாலும் முடியவில்லை.

நட்கர்னியின் கணக்கு 1964 ஜனவரி, இங்கிலாந்துக்கு எதிராக: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். தொடர்ந்து 131 பந்துகளில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. விக்கெட்டும் விழவில்லை என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்!

இவற்றை எடுத்துவிட்டால் சேப்பாக்கம் ஒன்றும் ஏழையாகிவிடாது. இந்தியர் அடித்த மூன்று டெஸ்ட் முச்சதங்களில் சேவாக்கின் 319, கருண் நாயரின் 303 நாட் அவுட் இரண்டும் அங்கே அடித்தவைதான். 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் ரன் சமமாகி 'டை' ஆன டெஸ்டும் அங்கேதான்.

காலியாகும் இடத்தில் 1934 நவம்பர் 4-ஐப் போடலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. தங்கள் பட்டியலில் அதைக் காணவில்லை.

- சென்னை வாசகர்