கட்டுரையில் விட்டுப்போன ஃப்ரேமிங்ஹாம்

ஆசிரியருக்கு,

மாரடைப்பு பற்றிய உங்கள் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948-ல் தொடங்கிய இதய நோய் ஆய்வுக்கு அங்கே 5,209 பேர், நோயாளிகள்கூட இல்லை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்து, ஈசிஜி எடுத்து, பிபி பார்த்துக்கொண்டு போகச் சம்மதித்தார்கள். அப்புறம் அவர்கள் பிள்ளைகள், 2002 முதல் பேரப்பிள்ளைகள். வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், அதை ஏன் குறைக்கவேண்டும் என்று டாக்டர்களே கேட்ட காலம் அது! பிபி எகிறிக்கிடந்த அதிபர் ரூஸ்வெல்ட் 1945-ல் மூளையில் ரத்தக்கசிவு வந்துதான் போனார்.

ஒரு குறை உண்டு. அந்த 5,209 பேரில் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. சரி, அப்படியிருக்க ஃப்ரேமிங்ஹாம் கணக்கை, அதாவது அந்த ஆய்வை வைத்து ஒருவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் கணக்கை, மட்டும் வைத்து நாற்பது வயதுக்காரரிடம் 'உங்களுக்கு ரிஸ்க் கம்மி' என்று சொல்லி அனுப்பலாமா? இதய டாக்டர் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள், அரைப் பக்கம் போதும்.

– ஒரு வாசகர், திருச்சி