140 டொலருக்கு மேல ஒரு சதமும் வேண்டாம்

ஸ்காபரோ,
நவம்பர் 2018

அன்புள்ள மகளுக்கு,

ஒப்பந்தம் முடிய முதல் நீ கொம்பனி மாறினதுக்குப் பழைய கொம்பனி போட்ட போன் பில்லை நீ அனுப்ப, அம்மாவும் நானும் பெருப்பிச்சுப் பார்த்தம். வரியை விட்டால் 255 டொலர். "கட்டித் துலைச்சுப்போட்டு நிம்மதியா இருப்பம் அப்பா" எண்டு நீ சொன்னது அம்மாவுக்குச் சரியாப் படுது, எனக்கு இல்லை. எட்மன்டனில வாடகை, கார், குளிருக்குச் சப்பாத்து எண்டு இப்பதான் கையில காசு நிக்கத் தொடங்கியிருக்கு.

போன் வாங்கேக்க தந்த ஒப்பந்தத்தை எடு. முதல் பக்கங்களில ஒரு சுருக்கம் இருக்கும். போனுக்கு அவை விட்டுக்குடுத்த தொகை, இடையில நிறுத்தினால் எவ்வளவு, அது மாதாமாதம் எவ்வளவால குறையும், எந்தத் திகதியில பூச்சியமாகும் எண்டு எல்லாம் எழுதியிருக்க வேணும். கனடாவில தொலைத்தொடர்புக் கொம்பனிகளைக் கட்டுப்படுத்துற சி.ஆர்.ரி.சி, கைபேசி ஒப்பந்தங்களுக்கு எண்டு போட்ட வயர்லெஸ் கோட் எண்ட விதிகள் அப்பிடித்தான் சொல்லுது. 2013 டிசம்பரில நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முதல் மூண்டு வருச ஒப்பந்தத்தில மாட்டுப்பட்டு எங்கட சனம் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ அப்ப பள்ளிக்கூடம்.

உன்ர போனுக்குக் குடுத்த சலுகை 480 டொலர். 24 மாதத்தால பிரிச்சால் மாதம் 20. நீ 17 மாதம் இருந்திட்டாய், 340 கழிஞ்சுது. மிச்சம் 140. இதை நாங்கள் மறுக்கேலாது, மறுக்கவும் கூடாது. அந்தப் போன் இப்பவும் உன்ர கையிலதானே இருக்கு.

மற்ற 115இலதான் எனக்குக் கோவம். "30 நாள் முன்னறிவித்தல் தரேல்லை" எண்டு இன்னொரு மாதக் கட்டணம் 65 போட்டிருக்கினம். சி.ஆர்.ரி.சி அந்த 30 நாள் வழக்கத்தை 2015 ஜனவரியோட நிப்பாட்டிப்போட்டுது. நீ நம்பரைப் புதுக் கொம்பனிக்கு மாத்தின அண்டைக்கே பழைய கணக்கு முடிஞ்சுது. மற்றது "நிர்வாகக் கட்டணம்" 50. இடையில நிறுத்துறதுக்கான அந்த ஒரு கட்டணத்தைத் தவிர வேற தண்டம் எதுவும் வாங்கேலாது எண்டு கோட்டிலயே இருக்கு. போன் இல்லாத ஒப்பந்தத்துக்கு 50 டொலர் வரை அறவிடலாம் எண்டொரு விதி இருக்குத்தான். உன்னுடையது போனோட எடுத்தது, ரெண்டையும் சேர்த்து வாங்க வழியில்லை.

இப்ப செய்யவேண்டியது: கடைசித் திகதிக்கு முதல் 140ஐயும் அதுக்குரிய வரியையும் கட்டு. ஒண்டுமே கட்டாமல் விட்டால் கடன் அறவிடுற ஆக்களிட்டப் போய் உன்ர கிரெடிட்டில கறுப்பு விழும், பிறகு வீடு வாங்கேக்க அழவேணும். கட்டின அண்டைக்கே ஈமெயில் போடு. 115 டொலரை ஏன் மறுக்கிறாய், ஒப்பந்தத்தின்ர எந்தப் பக்கம், எந்தத் திகதியில நம்பர் மாறினது, இவ்வளவும் போதும். அழுகை, கோவம் ஒண்டும் எழுதாதே. அவை போன் எடுத்தால் ஆரோட கதைச்சாய், எத்தனை மணி எண்டு குறிச்சு வை. "மனேஜரிட்டக் கேட்டுச் சொல்லுறம்" எண்டால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேள். போனில கதைக்கிற பிள்ளையோட எரிஞ்சு விழாதே. பில் போட்டது அது இல்லை. மாமியின்ர மகளும் உப்பிடி ஒரு இடத்திலதான் ஹெட்செட்டோட இருக்கிறாள்.

பாதித் தொகையைக் குறைக்கிறம், முடிப்பம் எண்டு கட்டாயம் கேப்பினம். சம்மதியாதே. அவை இறங்கி வராட்டி, போன் கொம்பனிகளைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற சி.சி.ரி.எஸ்ஸுக்கு இணையத்திலயே முறைப்பாடு எழுதலாம், ஒரு சதமும் செலவில்லை. முதல் கொம்பனியிட்டக் கேட்டனியா எண்டுதான் அவையும் பார்ப்பினம், அதுக்குத்தான் இந்த ஈமெயில்.

எழுதினதை அனுப்ப முதல் எனக்கு ஒருக்கா காட்டு. அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சலில போட்டிட்டா, அடுத்த கிழமை வரும்.

அன்புடன்,
அப்பா