காலைக் கோழியும் பின்னேரக் கோழியும்

ஒட்டுசுட்டான்
வைகாசி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாலைப்பழம் பழுத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். பழுத்துக் கொட்டுகிறது, குரங்குகள் தின்று மிஞ்சியதுதான் எங்களுக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இந்த முறையும் நடந்தே போனேன். காலில் கொப்புளம், வீட்டில் ஏச்சு.

சரி, கோழி விசயம். இருபத்திரண்டு நின்றன, இப்போது ஒன்பது. கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையாய்க் கழிந்து செத்தன. ராணிக்கெற்தான் என்று மிருக வைத்தியரும் சொன்னார். (ராணிக்கெற் என்பது இந்தியாவில் ஒரு மலையூர். பாவம், அந்த ஊர் நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது.) போன கடிதத்தில் மருந்து விற்றவரைத் திட்டி எழுதினேன். அது பொய் மச்சான். பிழை என்னுடையது.

காலையில் தடுப்பு மருந்துக் குப்பியை உடைத்துக் கரைத்தேன், உள்ளே இருப்பது உயிரோடுள்ள சாதுவான வைரசு. ஒன்பது கோழிதான் பிடிபட்டன, கண்ணில் சொட்டு விட்டேன். மற்றவை பற்றைக்குள் ஓடிவிட்டன. கரைத்த மருந்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வயலுக்குப் போனேன். பின்னேரம் கூடடைந்த பிறகு மிச்சப் பதின்மூன்றுக்கும் அதையே விட்டேன். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பிறருக்குப் படிப்பித்தவன் நான்! செத்தவை அந்தப் பதின்மூன்றும்.

"முப்பது வருசம் வைரசு அளந்தவனுக்கு இது தெரியாதா" என்று கேட்பாய். கேள்.

காலை மருந்திலும் பின்னேர மருந்திலும் ஒவ்வொரு துளி எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருந்தால், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வந்திருக்கும். வைரசின் மரபுப்பொருளான ஆர்என்ஏயின் படியைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி, எத்தனையாவது சுற்றில் தென்படுகிறது என்று அது பார்க்கும். 3.3 சுற்றுப் பிந்தினால் பத்திலொரு பங்கு என்று கணக்கு. கெட்டிக்கார முறை, அரை நாளில் முடியும். ஆனால் செத்த வைரசின் ஆர்என்ஏயையும் சேர்த்தே எண்ணும்.

உயிரோடு இருப்பதை அளக்க முட்டைதான் வேண்டும். மருந்தைப் பத்திலொன்று, நூறிலொன்று, ஆயிரத்திலொன்று என்று ஐதாக்கிக்கொண்டே போவோம். ஒவ்வொரு ஐதாக்கலுக்கும் ஐந்து முட்டை, ஒன்பது பத்து நாள் கரு வளர்ந்தவை. ஓட்டில் சின்னத் துளை போட்டு ஊசியால் விட்டு, மெழுகால் அடைத்து, 37 பாகையில் வைப்போம். முதல் நாளே கரு செத்தால் அது எங்கள் ஊசிக்குத்து, கணக்கில் சேராது. லாசோட்டா போன்ற சாதுவான மருந்து வைரசு கருவைக் கொல்லாமலும் விடும். அதனால் ஐந்தாறு நாள் கழித்து உள்நீரை எடுத்துக் கோழிக் குருதிக் கலத்தோடு கலப்போம். வைரசு இருந்தால் கலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, கிண்ணத்தின் அடி முழுக்க மெல்லிய படலமாய்ப் பரவிக் கிடக்கும். இல்லையென்றால் சிவப்புப் பொட்டாய் அடியில் இறங்கும், தட்டைச் சாய்த்தால் கண்ணீர் போல வழியும். அந்தப் பொட்டைப் பார்க்கிற சந்தோசம் எனக்கு இன்னும் போகவில்லை.

எந்த ஐதாக்கலில் பாதி முட்டைகள் தொற்றுகின்றனவோ, அதில் ஒரு முட்டைக்கு விட்ட அளவுதான் ஓர் அலகு. நேராகப் பாதி ஒருநாளும் விழாது, 1938இல் ரீடும் மியூன்ச்சும் சொன்ன கணக்கைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு கோழிக்குப் பொதுவாகப் பத்து இலட்சம் இப்படியான அலகுகள் வேண்டும் என்பார்கள். என் மேசையில் பின்னேரம் எத்தனை மிஞ்சியதோ.

இந்தக் குருதிக் கலச் சோதனையை மருந்தில் நேரடியாகச் செய்தாலும் ஏமாற்றும். போமலினில் கொன்ற வைரசுகூடக் கலங்களைப் பிணைக்கும்.

அப்புறம், மிஞ்சிய ஒன்பதில் ஒரு பேடு பதினொரு முட்டையோடு அடையில் கிடக்கிறது. நேற்று ஒன்பதாம் நாள். பழைய பழக்கத்தில் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன், எட்டில் நரம்பு ஓடியிருக்கிறது. பின்னால் வந்து நின்ற மனுசி கேட்டாள்: "இதுக்கும் ஊசி குத்தப் போறியளோ?"

உன்
பழைய கூட்டாளி