சுங்கை நிப்பா எந்த நாட்டில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பெருந்தொற்றுகள் பற்றிய கட்டுரை வாசித்தேன். "இவையெல்லாம் எங்கோ வெளிநாட்டுச் சந்தைகளில் பிறந்து நம்மை வந்து சேர்பவை" என்று அதில் ஒரு வரி. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

நிப்பா வைரஸ் என்ற கிருமிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. நம் மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அது. லுக்குட்டில் என் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம். 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கிய நோய், பன்றி ஏற்றி வந்த லோரிகளோடு எங்கள் மாநிலத்துக்கும் வந்தது. நாட்டில் 265 பேர் படுத்தார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

என் சின்ன மாமா காலையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, மாலையில் ஒரு பன்றிப் பண்ணையில் கொட்டகை கழுவப் போவார். காய்ச்சல், தலைவலி என்று படுத்தவருக்கு நான்காம் நாள் அத்தையையே அடையாளம் தெரியவில்லை. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். லயமெல்லாம் கொசுப்புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். இது வேறு கிருமி என்று 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்தபோது, மாமாவை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த நாளில் உங்கள் பத்திரிகை எங்கள் ஊரை "நோய் ஊர்" என்று எழுதியது. அந்த வருடம் எங்களை ஒரு கல்யாணத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. இன்று அதே ஊர் உங்கள் நினைவிலேயே இல்லை.

அது பழந்தின்னி வௌவாலின் கிருமி. கொட்டகையை ஒட்டி மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது. காட்டை அழித்து ரப்பர், ரப்பரை அழித்துச் செம்பனை, இப்போது அதையும் அழித்துத் தாமான் வீடுகள். பிறகு வௌவால் எங்கே போய்ப் பழம் தேடும்? கட்டுரையில் வௌவால் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, இதில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், ஆலமரத்து வௌவால்களைச் சுட ஆள் கூப்பிடலாம் என்கிறார். டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது வௌவால்தான் என்று சொன்னேன். ஏறவில்லை.

வெளிநாட்டுச் சந்தை என்கிறீர்களே, அதற்குச் சரக்கு எங்கிருந்து போகிறது ஐயா? 2019இல் நம் சபாவில் ஏறத்தாழ 30 டன் எறும்புத்தின்னிச் சரக்கு பிடிபட்டதே. செம்பனைக் காட்டில் தெங்கிலிங், அதாவது அந்த எறும்புத்தின்னி, கிடைத்தால் உயிரோடு வாங்க ஆள் வருவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என் பேரனிடமே ஒருவன் கேட்டிருக்கிறான். பிடித்ததைப் பல மிருகங்களோடு கூண்டில் நெருக்கி அடைக்கும்போது எச்சிலும் ரத்தமும் கலக்கின்றன, கிருமி இனம் விட்டு இனம் தாவுகிறது. வனவிலங்குச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை என்றானது. இதை என் பேரனுக்குத் தமிழில் யார் சொன்னார்கள்?

அந்த வரியைத் திருத்தி, சுங்கை நிப்பாவின் பெயரைப் போடுங்கள். வனவிலங்குத் துறைக்குப் புகார் சொல்லும் தொலைபேசி எண்ணை ஞாயிறு மலரில் ஒரு சிறு கட்டமாக வாராவாரம் வெளியிடுங்கள். ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் எல்லாரும் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
லுக்குட், நெகிரி செம்பிலான்