பனைக்கு ஏது வளையம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாவர ஆராய்ச்சி பற்றிய உங்கள் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் எந்த மரத்தை அறுத்தாலும் வளையத்தை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு வரி வருகிறது. முப்பது வருடமாகச் சாயல்குடிப் பக்கம் பனை பிளந்து கூரைச் சட்டமாகப் பனங்கை போடுகிற தச்சன் நான். ஒரு வளையத்தையும் கண்டதில்லை.

பனையை அறுத்தால் தெரிவது புள்ளிகள்தான். ஓரத்தில் கறுப்பாக நெருக்கியடித்து நிற்கும். நடுவே போகப்போக விலகி, கடைசியில் வெறும் சோறு, அதாவது மெத்தென்ற உட்பகுதி. ஒவ்வொரு புள்ளியும் நீரும் உணவும் ஓடுகிற ஒரு குழாய்க் கற்றை. ஆப்பு வைத்துப் பிளந்து, சோற்றை வழித்தெறிந்துவிட்டு ஓரத்தில் கெட்டியாக இருக்கும் வைரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றில் தண்டு வளையும்போது அதிகம் இழுபடுவதும் நசுங்குவதும் ஓரம்தானாம், மகள் பாடப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னாள். சரி, பனை தன் பலத்தையெல்லாம் அங்கேதானே வைத்திருக்கிறது!

வேம்பு ஆண்டுதோறும் பருக்கும். பனைக்கு அது முடியாது. அப்படிப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற திசுவை, பனை, நெல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களின் முன்னோர் பரிணாமத்தில் எப்போதோ தொலைத்துவிட்டனர். அதனால்தான் வடலி என்கிற இளம்பனை வருடக்கணக்கில் மணலில் உட்கார்ந்தே கிடக்கிறது. வேண்டிய பருமனைச் சேர்த்துக்கொண்டு அப்புறம்தான் மேலே கிளம்பும். பிறகு இருக்கிற செல்களின் சுவர்தான் தடித்துக்கொண்டே போகும். இளமரத்தை நாங்கள் தொடாததும், முற்றிய மரத்தின் தூரில் கோடாரி திருப்பி அடிப்பதும் இதனால்தான். எங்கள் வீட்டுப் பனையில் அப்பா சிறுவயதில் அரிவாளால் கொத்திய வடு இன்னும் வாயைத் திறந்தபடி இருக்கிறது. வேம்பாக இருந்தால் மூடியிருக்கும்.

வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் பிரித்தது. இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பனைக்கு வேம்பைவிட நெல்லும் கோரையும்தான் நெருங்கிய சொந்தம் என்பதே இன்றைய தாவரவியலின் கணக்கு.

அந்த வரியைத் திருத்திவிடுங்கள். ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது, அது நல்லதுதான். இப்போது என் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய வீடுகளில் பிரித்த பனங்கைதான். அதில் ஒன்றின் முனையை இழைத்து வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் வந்தால் புள்ளிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தச்சன்,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.