உன் தழும்புக்குக் கீழே இருந்தது

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில் பால் காய்ச்சும்போதுதான் பார்த்தேன். "அம்மா, எனக்கு தைமஸே இல்லையா?" பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், எனக்கும் தொண்டை அடைக்கும். அதனால் எழுதுகிறேன். 31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவள், இதைக்கூடச் சொல்ல முடியாதா?

ஆமாம், எடுத்துவிட்டார்கள். உனக்கு அப்போது ஏழு மாதம். ஐந்து கிலோகூட ஏறவில்லை. இதயத்தில் ஓட்டை அடைக்க நெஞ்சைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இதயம் இல்லை, அதன்மேல் போர்த்தினாற்போல் கிடக்கும் தைமஸ் சுரப்பிதான். கைக்குழந்தைக்கு அது அவ்வளவு பெரிது. அதை விலக்காமல் சர்ஜனுக்குக் கை வைக்க இடமில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முன்னாலும் பின்னாலும் எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'சப்டோட்டல் தைமெக்டமி'. தைமஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அப்பா அதைத் தாண்டிப் போய்விட்டார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் பார், அது என் தப்பு.

நீ பயந்ததற்கு 1961இல் லண்டனில் செத்த சுண்டெலிகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். நெட்டில் தைமஸ் என்று தேடினால் அவைதான் முதலில் வரும். ஜாக் மில்லர் என்பவருக்கு அப்போது 30 வயது. எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர், பிறந்த அன்றே குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தன. தாய்ப்பால் மறந்த பிறகு மெலிந்து, கண்ட தொற்றும் வந்து செத்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் உடம்பு அதைத் தள்ள வேண்டும், இல்லையா? இவை தள்ளவில்லை. ஒட்டிய இடத்தில் வேற்று நிறத்தில் ரோமம் செழித்து வளர்ந்தது. அதற்கு முன்பு தைமஸ் ஒன்றுக்கும் உதவாத மிச்சசொச்சம் என்றே பெரிய பெரிய ஆட்களும் நம்பியிருந்தார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் எல்லாரும் வளர்ந்த எலியில் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள், திரும்ப வருகிறேன்.

கிருமியோடு சண்டைபோடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைதான் டி செல். தைமஸ் அந்த டி செல்லுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன். இப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் சொல்லிக் கொடுக்க வேண்டும், அங்கே யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது ஆச்சியின் முறம். ஆனால் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே தள்ளுகிற முறம். அந்தக் கணக்கில் நான் அரிசி புடைத்திருந்தால் ஆச்சி முறத்தாலேயே என்னை அடித்திருப்பாள்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் செல்கள் ரத்தத்தில் மிதந்து தைமஸுக்கு வருகின்றன. டி செல் என்பதற்கான அடையாளம் ஒன்றும் அப்போது அவற்றின்மேல் இருக்காது. உள்ளே போனதும் நம் உடம்பின் மற்ற செல்களில் நடக்கக் கூடாத காரியம் ஒன்று நடக்கிறது. தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கிறது அந்தச் செல். இதைச் செய்வது டி செல்லும் அதன் பங்காளி பி செல்லும் மட்டுமே. டோனெகாவா என்ற ஜப்பானியர் பி செல்லில் இதைக் கண்டுபிடித்து 1987இல் நோபல் வாங்கினார். இப்படி ஒட்டிய ஜீனிலிருந்துதான் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பி, அதாவது கிருமியை அடையாளம் பிடிக்கும் கை, உண்டாகிறது. குருட்டு வேலை. டி.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒட்டுமிடத்தில் ஓர் எழுத்து கூடினால் பின்னால் வருவதெல்லாம் உளறல். மூன்றில் இரண்டு ஒட்டல் இப்படிக் கெட்டுப்போகும். ஆனால் இந்தக் குருட்டுத்தனம்தான் சொத்து. நாளைக்கு எந்த ஊரில் எந்தக் கிருமி முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறக்கவே பிறக்காத வைரஸுக்கும் ஏற்பி தயாராகிவிடுகிறது.

பிறகு புடைத்தல். நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதத்தின் துணுக்குகளை எம்.எச்.சி என்ற தட்டில் வைத்து வெளியே நீட்டிக் காட்டும். டி செல்லுக்கு அந்தத் தட்டில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே தைமஸின் வெளிப்பகுதியில் முதல் கேள்வி: தட்டையாவது பிடிக்கத் தெரியுமா? மூன்று நான்கு நாள் அவகாசம். பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. அவற்றை யாரும் கொல்வதில்லை. 'இருந்துகொள்' என்ற சைகை வராததால் தாமாகவே சாகின்றன. பிடித்தவற்றில் எந்த வகைத் தட்டைப் பிடித்தது என்பதைப் பொறுத்து ஒன்று மற்ற செல்களை ஏவிவிடும் சிடி4 ஆகிறது, இன்னொன்று தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8.

அடுத்து உட்பகுதி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அங்குள்ள சில செல்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத புரதங்களையெல்லாம் செய்து காட்டும். இன்சுலின் கணையத்தில் அல்லவா சுரக்க வேண்டும்? தைமஸுக்குள்ளும் துளி சுரக்கிறது, சர்க்கரைக்காக அல்ல, மாதிரி காட்ட. 'இது நம்முடையது, இதைப் பார்த்துப் பாய்கிறாயா?' பாய்ந்து இறுக்கிப் பிடிக்கிற டி செல் அங்கேயே செத்துப்போகும். இந்தக் கண்காட்சியை நடத்தும் ஏர் என்ற ஜீனை 1997இல் அடையாளம் கண்டார்கள். அது கெட்டுப் பிறந்த குழந்தைகளின் உடம்பு தன் சுரப்பிகளைத் தானே தாக்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தவற்றில் சில மட்டும் சாகாமல், மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் காவலாக மாறுகின்றன. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இவற்றைக் கண்டவர்களுக்குத்தான். மூவரில் ஒருவரான சகாகுச்சி தொடங்கிய இடமும், பிறந்து மூன்று நாளில் தைமஸ் எடுக்கப்பட்ட எலிகள்தான்.

ஏட்டி, முதல் நாள், மூன்றாம் நாள் என்று நாள் கணக்குப் பார்க்கிறார்களே, கவனித்தாயா? நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். சுண்டெலி பிறக்கும்போது பெரும்பாலான டி செல்கள் தைமஸை விட்டு வெளியேறியிருக்காது. மனிதக் குழந்தை அப்படியில்லை. நீ என் வயிற்றில் 14 வாரமாக இருந்தபோதே உன் டி செல்கள் வெளியே போகத் தொடங்கியிருக்கும். ஏழாம் மாதத்தில் கத்தி பட்டபோது, ஒரு வருஷத்துக்கும் மேலாகப் புடைத்து அனுப்பியது உன் நிணநீர்க் கணுக்களில் ஏற்கெனவே குடியிருந்தது. அவை நீண்ட நாள் வாழும், பெருகவும் செய்யும். உனக்கு அம்மை வந்தது, நான்கு நாளில் எழுந்து விளையாடினாய். அதெல்லாம் அவைதான். 'சப்டோட்டல்' என்றால் கொஞ்சம் விட்டுவைத்தார்கள் என்றும் அர்த்தம்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று உன் வாயை மூட மாட்டேன். நீ அனுப்பிய 2023ஆம் வருஷ ஆய்வில், தைமஸ் எடுத்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.8. ஆனால் அவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், உன் கதை அது இல்லை. உன்னைப் போன்றவர்களைப் பார்த்தது ஸ்வீடன் ஆய்வு. சிறுவயதில் எடுத்தவர்களுக்குத் தைராய்டு குறைவதும் சில தொற்றுகளும் கூடுதலாக வந்தன என்கிறது. ரத்தத்தில் புது டி செல் குறைவாகத்தான் இருக்கும். அதனால் வருஷம் ஒருமுறை தைராய்டு டெஸ்ட் எடு. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஒரு வரியை முதலில் சொல். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே.

இன்னொன்றும் படித்தேன், அதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, அபூர்வம். முன்பெல்லாம் இரண்டு மூன்று வயதுக்குள் போய்விடும். அமெரிக்காவில், இதய ஆபரேஷனில் வெட்டியெடுத்த வேறு குழந்தையின் தைமஸை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சில வாரம் வளர்த்து, இந்தக் குழந்தையின் தொடைத் தசைக்குள் பதிக்கிறார்கள். தொடையில் தைமஸ்! மாதங்கள் கழித்து அங்கிருந்து டி செல் வருகிறது. 2021இல் அந்நாட்டு அரசு அனுமதியும் கொடுத்துவிட்டது. உன்னுடையது எந்த வாளிக்குப் போனதோ.

ஃபைலை அப்பா ஸ்கேன் செய்து அனுப்புவார். பரணில் அதைத் தேடியபோது ஆபரேஷனுக்கு முந்தைய நாள் எடுத்த எக்ஸ்ரே அகப்பட்டது. ஓரம் மஞ்சளித்துவிட்டது. அடுக்களை ஜன்னலில் ஒட்டி போனில் படம் எடுத்திருக்கிறேன், இதோடு வைக்கிறேன். பெரிதாக்கிப் பார். இதயத்தின் நிழலுக்கு மேலே, உன் இடக்கைப் பக்கம், தோணியின் பாய் போல மங்கலாக ஒரு முக்கோணம் தெரிகிறதா? அதுதான்.

அன்புடன்,
அம்மா