கின்சர் திரும்பி வந்த வருடம்

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். புது வேலை ஐந்தே மாதத்தில் போய்விட்டது எனக்குத் தெரியும். பழைய கம்பெனியில் மறுபடி கூப்பிடுகிறார்கள், எந்த முகத்தோடு போவது என்று நீ தவிக்கிறாய் என்பதும் தெரியும்.

உன் 8 வயதில், 2002 ஆகஸ்டில், அயோவாவின் நாக்ஸ்வில்லுக்குக் கார் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? டெமாய்னிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அரை மைல் மண் தடம். வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் களிமண் தெறித்து உன் சட்டையெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. மெத்தனால் எரிகிற அந்த வாசனை காரில் வீடுவரை வந்தது. ஸ்டார்ட்டர் இல்லாத கார்களைப் பின்னாலிருந்து வண்டி தள்ளிக் கிளப்புவதைப் பார்த்து நீ கை தட்டினாய். அன்று நேஷனல்ஸ் என்ற அந்தப் பெரிய வருடாந்தரப் பந்தயத்தை ஜெயித்த ஸ்டீவ் கின்சருக்கு 48 வயது. அங்கே அது அவருக்கு 12-ஆவது வெற்றி.

அதற்கு ஏழு வருடம் முன்னால் அவர் பட்டதை அன்று உனக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு வெற்றி போதும் என்று நினைத்துவிட்டேன்.

கின்சர் இண்டியானாவின் புளூமிங்டன்காரர். அப்பா பாப் கின்சரும் ஸ்பிரின்ட் கார், அதாவது அன்று நாம் பார்த்த அந்த மண் தடக் கார், ஓட்டியவர். 1978-இல் ஸ்பிரின்ட் கார்களுக்கான வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் பந்தயத் தொடர் ஆரம்பித்தபோது முதல் பட்டமே இவருக்குத்தான். 1994-க்குள் 14 பட்டம். அந்த வருடம் அலபாமாவில் டல்லடேகாவின் பெரிய தார்த் தடத்தில், பல வகைப் பந்தய வீரர்கள் ஒரே மாதிரி கார்களில் மோதும் ஐராக் (IROC) பந்தயம் ஒன்றையும் ஜெயித்தார். சரி, இவரால் எதையும் ஓட்ட முடியும் என்று எல்லோருக்கும் தோன்றியது. 1995-இல் தார்த் தடத்தில் கனமான கார்கள் ஓடும் நாஸ்கார் வின்ஸ்டன் கப் தொடருக்குப் போனார். சில மாதம்கூட நிலைக்கவில்லை.

ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஸ்பிரின்ட் கார் சுமார் 650 கிலோதான், இன்ஜினோ 900 குதிரைத்திறன். வலது பின்சக்கரம் இடதைவிடப் பெரியது. வளைவில் காரைக் குறுக்கே தூக்கிப் போட்டு, இடது பக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடிக்க வேண்டும். மண்ணும் ராத்திரி முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். ஈரம் எங்கே மிச்சம் இருக்கிறது என்று உடம்பு அறிய வேண்டும். நாஸ்கார் கார் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். அதைக் குறுக்கே விட்டால் வேகம் செத்துவிடும். 40 வயது வரை உடம்பில் ஏறிய பழக்கத்தையெல்லாம் அங்கே அடக்கி வைக்க வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும், அது அவருக்குக் கிடைக்கவில்லை. உனக்கும் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மண்ணுக்கே திரும்பினார். உடனே பட்டம் வந்துவிடவில்லை. 1998 வரை காத்திருந்தார். அப்புறம் 2000, பிறகு 2002 முதல் 2005 வரை வரிசையாக நான்கு. மொத்தம் 20. அந்த 1995 இல்லாமல் நான் அவரை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன், தம்பி.

2005-இல் அவர் மகன் கிரெய்க் அதே நாக்ஸ்வில் நேஷனல்ஸை ஜெயித்தார். அன்றைக்கு அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப்பார்ப்பேன்.

நீ பழைய வேலைக்குப் போ, போகாதே என்று நான் சொல்லவில்லை. போனால் தலை நிமிர்ந்து போ, அவ்வளவுதான். உன் அறையை அம்மா பெருக்கி வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் நாக்ஸ்வில்லுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், அதே வளைவுப் பக்கம். ஞாயிறு ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவேன். எடு.

அன்புடன்,
அப்பா